பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

காரின் மீட்டரில் சிவப்பு வட்டமும் அதற்குள் ஆச்சரியக்குறியும் எரிந்துகொண்டே இருந்தால், போனட்டைத் திறக்கும் முன் பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். வழக்கமாக நிற்கும் உயரத்தில் கால் நிற்கிறதா? அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறதா? ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா, லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டுமா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

விளக்கு ஒன்றுதான், அதற்கு வரும் ஒயர்கள் பல. ஹேண்ட் பிரேக் சுவிட்ச், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு பார்க்கும் மிதவை, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி) உள்ள வண்டி என்றால் அதன் கம்ப்யூட்டர், எல்லாம் பெரும்பாலான கார்களில் இதே சிவப்பு விளக்கைத்தான் எரிய வைக்கின்றன. ஆகவே விளக்கை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் நம் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஆயில் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி, லைட்டு அணைஞ்சிரும்" என்பதுதான். அணைந்துவிடும், அது உண்மை. ஆயில் எங்கே போனது என்று அதற்குப் பிறகு யாரும் தேடுவதில்லை. பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் ஒன்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. வேறு வழியே கிடையாது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அது நல்ல சகுனம் இல்லை. பல்போ ஒயரோ போயிருக்கிறது. ஆபத்து வந்தாலும் சொல்ல ஆள் இல்லாத வண்டி அது.

பெடல் தரையைத் தொடுகிறது, அல்லது பஞ்சாக அமுங்குகிறது

இந்த வண்டியை ஓட்டக் கூடாது. பக்கத்துத் தெருவில்தான் ஒர்க்‌ஷாப் என்றாலும் சரி, மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தாலும் சரி, கூடாது. தட்டையான மேடையுள்ள ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். இழுக்கப்படும் வண்டிக்கும் பிரேக் வேண்டும்.

ஓடும்போதே இப்படி ஆனால்? நாங்குநேரி தாண்டி நான்கு வழிச்சாலையில் நல்ல வேகத்தில் போகிறீர்கள், விளக்கு எரிகிறது, பெடல் கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடலை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை அழுத்துங்கள். இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டு தனிப் பிரிவாக இருக்கும். ஒன்றில் ஆயில் போனாலும் மற்றது இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். ஆனால் பெடல் வெகு ஆழத்துக்குப் போன பிறகுதான் பிடிக்கும், அழுத்தமும் அதிகம் வேண்டும். இறங்கிவிட்டதே என்று காலை எடுத்துவிடாதீர்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹசார்டு விளக்கைப் போடுங்கள், இடது ஓரத்துக்கு வாருங்கள். ஹேண்ட் பிரேக் லீவரை, அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பெடலை லேசாக்கும் வேக்யூம் உதவி போகும், பவர் ஸ்டியரிங் கனக்கும், சாவியை வெளியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

மலைப்பாதையில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும்போதும், காரையாறிலிருந்து பாபநாசத்துக்கு வரும்போதும், ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு இறங்கும்போதும் நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க்கின் சூடு ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புதிய டாட் 4 (DOT 4) தர ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவரையறை. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் வரம்பு. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் பஞ்சாகிவிடும். அப்போதும் இந்தச் சிவப்பு விளக்கு எரியாது. டப்பாவில் அளவு குறையவில்லையே, மிதவைக்கு எப்படித் தெரியும்? விளக்கு எரியவில்லை என்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே மிச்ச இறக்கத்தை இறங்குங்கள். ஊருக்கு வந்ததும் ஆயிலை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது போதும். மலையேறும் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெடல் நன்றாக இருக்கிறது, விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது

ஹேண்ட் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். லீவரை ஒருமுறை முழுதாக மேலே இழுத்து, பட்டனை அழுத்தி, தரையோடு சேரும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் கையால் அமுக்குங்கள். விளக்கு அணைந்தால் லீவர் முழுதாக இறங்காமல் இருந்திருக்கிறது. சீட்டுக்கு நடுவே தண்ணீர் பாட்டில் மூடி, சில்லறை, குழந்தைகள் போட்ட மிட்டாய் என்று எதுவும் லீவரின் அடியில் சிக்கியிருக்கும். ஒரு கிளிக் அளவு ஏறியிருந்தாலே விளக்கு எரியும், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவும் உரசும். பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை அப்படியே ஓட்டினால் டிரம் சூடாகி, கருகிய வாடை வரும்.

லீவர் இறங்கியும் அணையவில்லை என்றால் அதன் அடியிலுள்ள சிறிய சுவிட்ச். லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் தெரியும். லீவர் இறங்கும்போது ஒரு குமிழை அமுக்க வேண்டும். அமுக்கினால் விளக்கு அணைய வேண்டும். விரலால் குமிழை அமுக்கிப் பாருங்கள். அணைந்தால் சுவிட்ச் நல்லது, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் விலகியிருக்கிறது. அணையாவிட்டால் அதில் ஒயர் சொருகியிருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் கப்ளரைக் கழற்றியதும் விளக்கு அணையும். அணைந்தால் சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டலாம். கழற்றியும் எரிகிறதா? கோளாறு வேறு இடத்தில். திசையன்விளை, குட்டம் பக்கம் தேரி மணலில் புழங்கும் வண்டிகளில் இந்தக் குமிழுக்குள் செம்மணல் புகுந்து இறுகிப் போகும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை அமுக்கி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள புது வண்டிகளில் இந்த வேலை எதுவும் கிடையாது. பட்டனைப் போட்டு எடுத்துப் பாருங்கள், அணையாவிட்டால் வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர்தான். ஹேண்ட் பிரேக்கை இயக்கும் பின்சக்கர மோட்டாரை வீட்டில் கழற்ற முயல வேண்டாம்.

வளைவில் எரிகிறது, நேரே போனால் அணைகிறது

பிரேக் அடிக்கும்போது, வளைவில் திரும்பும்போது, குற்றாலம் ஏற்றத்தில் மினுக்கென்று எரிந்து அணைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டி சாயும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், மிதவை இறங்கும், விளக்கு எரியும். இது முதல் எச்சரிக்கை. சில வாரம் கழித்து நிரந்தரமாக எரியத் தொடங்கும்.

டப்பா பெரும்பாலும் போனட்டுக்குள் டிரைவர் பக்கத்தில், இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பை ஒட்டி இருக்கும். வெளியிலிருந்தே மேல்கோடும் கீழ்க்கோடும் தெரியும். அழுக்குப் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தால் தூசி விழும், ஈரம் ஏறும்.

அளவு குறைந்திருக்கிறது, சரி. இப்போது பேட்டைப் பாருங்கள். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகரும். நகர்ந்த இடத்தை நிரப்ப ஆயில் அங்கே போகும். டப்பாவில் அந்த அளவு இறங்கும். ஒழுகல் எதுவும் இல்லாமலேயே, பல ஆயிரம் கிலோமீட்டரில், மெல்ல மெல்ல நடப்பது இது. அலாய் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தே பேட்டைப் பார்க்கலாம். இரும்பு ரிம் என்றால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராயும் பகுதி புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வெளிப் பேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேட் பல நேரம் முந்திக்கொண்டு தேய்ந்திருக்கும்.

பேட் தேய்ந்த வண்டியில் ஆயில் ஊற்றி மேல்கோடு வரை நிரப்பி வைத்தால் பின்னால் ஒரு தொல்லை வரும். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். போன ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். அங்கே இடமில்லாமல் வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். வழிந்தால் துடைப்பது போதாது, உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பேட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஆயில் குறைகிறது

இதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய இடம். மாதாமாதம் கொஞ்சம் ஊற்றிச் சமாளித்துக்கொண்டு வருகிற வண்டிகள் எல்லாம் இந்த வகைதான். ஆலங்குளத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்த பழைய ஹேட்ச்பேக்கில், டிக்கியில் ஆயில் பாட்டிலே நிரந்தரமாக இருந்தது. நான்கு சக்கரத்தையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின் இடது டிரம்மைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கும். அதன் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகத் தூக்கியதும், உள்ளே தேங்கியிருந்த ஆயில் பொளக்கென்று வழிந்து ஷூவின் மேல் இறங்கியது. ஷூவின் லைனிங் ஒருபக்கம் கறுத்து, பிசுபிசுவென்று ஊறிப்போயிருந்தது. அந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லை. வண்டி பிரேக்கில் வலப்பக்கம் இழுத்ததை அவர் ரோட்டின் சாய்வு என்று நினைத்திருந்தார். டிரம்முக்குள் ஒழுகும் ஆயில் தரைக்கு வர நாளாகும். அதனால்தான் தரை காய்ந்திருப்பதை வைத்து ஒழுகல் இல்லை என்று சொல்லக் கூடாது. ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்க்காத சோதனை அரைகுறைச் சோதனை.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய தேடல் இது. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது நான்கு சக்கரத்தின் உள்பக்கமாகவும், பெடலுக்கு நேர் கீழேயும் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஏசி போடாத வண்டி ஏது? அதன் தண்ணீரும் முன்பக்கம் சொட்டியிருக்கும். அது காய்ந்தால் சுவடு இருக்காது. பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். இன்ஜின் ஆயிலா பிரேக் ஆயிலா என்று குழப்பம் வந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், இன்ஜின் ஆயில் மிதக்கும்.

தாளிலும் எதுவும் இல்லை, டிரம்மும் காய்ந்திருக்கிறது என்றால் இன்னும் இரண்டு இடம் பாக்கி. பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் வாஷர் கிழிந்தால் ஆயில் வெளியே வராமல், பின்னால் இருக்கும், பெடலுக்கு வேக்யூம் உதவி கொடுக்கும் பெரிய வட்ட பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்திருந்தால் அதுதான். அடுத்தது, பலரும் மறந்துவிடுவது, கிளட்ச். ஆயிலில் இயங்கும் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் சிலிண்டர் ஒழுகினாலும் பிரேக் விளக்குதான் எரியும். கியர் போடும்போது கரகரக்கிறது, கிளட்ச் பெடல் கீழேயே நின்றுவிடுகிறது என்றால் பிரேக்கை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

உவரி, கூத்தங்குழி, கூடங்குளம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளுக்கு இரும்புப் பைப் ஒரு தனிக் கவலை. உப்புக்காற்றில் பைப்பின் மேற்பூச்சு போய் அரித்துவிடும். அடிப்பக்கம் கிளிப்புகள் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் துரு கொப்பளிக்கும். துருவைச் சுரண்டி பெயின்ட் அடிப்பது இதற்கு மருந்தாகாது, பைப்பை மாற்றவே வேண்டும்.

ஆயிலும் இருக்கிறது, லீவரும் இறங்கியிருக்கிறது, ஆனாலும் எரிகிறது

டப்பாவின் மூடியிலோ அடியிலோ இரண்டு ஒயர் கொண்ட கப்ளர் இருக்கும். கழற்றினால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் மிதவை சிக்கியிருக்கிறது, அல்லது அதன் உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் டப்பாவை மெல்லத் தட்டினால் சில நேரம் மிதவை விடுபடும். விடுபட்டால், ஏன் சிக்கியது என்று பாருங்கள்: ஆயில் டீ நிறத்துக்கு மாறி, அடியில் கசடு தங்கியிருக்கும். கப்ளரைக் கழற்றியபடியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். விளக்கை மறைக்கக் கப்ளரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கும் வண்டிகள் சந்தையில் உண்டு.

கழற்றியும் எரிகிறது என்றால் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வயலை ஒட்டி வீடுள்ளவர்கள் எலியை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான இன்ஜினுக்குள் புகும், ஒயரின் மேல்தோலைக் கடிக்கும். டப்பாவிலிருந்து உள்ளே போகும் ஒயர்க்கட்டை விரலால் தடவிக்கொண்டே போனால் கடிபட்ட இடம் கையில் தட்டும்.

சிவப்போடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறது

ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் முன்சக்கரம், பின்சக்கரம் என்று பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் போயிருக்கலாம். பலமாக மிதித்தால் பின்சக்கரங்கள் முன்னதாகப் பூட்டி வால் வீசும். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, மழையில் குறிப்பாக, மெதுவாக நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

பெரும்பாலும் காரணம் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார், அதன் ஒயர், அல்லது கப்ளருக்குள் ஈரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அப்படி மூழ்கிய வண்டியில் கப்ளருக்குள் பச்சை பூத்து, மாதக்கணக்கு கழித்தும் இந்த விளக்கு எரியலாம். பழைய வண்டி வாங்கியிருந்தால் சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் காரணத்தை அங்கிருந்து தேடலாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இரண்டும் எரிவதுண்டு, அதனால் முதலில் வோல்டேஜ் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். மலிவான ஸ்கேனர்கள் பலவும் இன்ஜினின் பழுதுக் குறியீட்டை மட்டும்தான் படிக்கும்; ஏபிஎஸ் குறியீட்டையும் படிக்குமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பேட்டரி விளக்கும் கூடவே எரிகிறது

பேன் பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக்குக்கு வேக்யூம் கொடுக்கும் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் போனால் அதுவும் நின்று, பெடல் கட்டையாகிவிடும். உடனே நிறுத்துங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். மூடியில் எழுதியிருக்கும் தரம்தான் வேண்டும்; இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி கலந்தால்கூட ரப்பர் வாஷர் எல்லாம் உப்பிவிடும். பல நாள் திறந்து வைத்த பாட்டிலில் இருப்பதை ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். லைனில் எதைக் கழற்றியிருந்தாலும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினார்களா (ஏர் எடுப்பது) என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய பேட், வீல் சிலிண்டர் வாஷர் இரண்டையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

கியர் போடும் முன் பெடலைப் பலமுறை அழுத்துங்கள். புது பேட் போட்ட வண்டியில் முதல் சில மிதி வெறுமனே போகும். அது தெரியாமல் கிளப்பி முன்னால் நின்ற வண்டியில் இடித்தவர்கள் உண்டு. பெடல் கெட்டியானதும் சாவியை அணைத்து மறுபடி போட்டு, விளக்கு எரிந்து அணைவதைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரு கிளிக் இழுத்து, விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதள ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்து, வண்டி ஒருபக்கம் இழுக்காமல் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு, டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில் நிறுத்தி, அந்தக் கோட்டைப் பாருங்கள்.